ஆசிரியரை முந்திச் சென்ற மாணவர்

கல்லூரிப் பாடத்திட்டம் நடுத்தர ஆற்றலுடைய மாணவரை மனத்திற்கொண்டு வகுக்கப்படுவது. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் பின்தங்கியவரை விட்டுவிட்டு ஆசிரியர் முன்செல்ல இயலாது. அவ்வாறு செல்லாமையை நாம் குறையென்று கூறமாட்டோம். ஆயினும், விரைந்து கற்கவல்ல ஒருவர் அதே வகுப்பில் காத்திருந்தே மூன்றாண்டுகளைக் கழித்துவிடுகிறார் என்பதையும் ஆசிரியர்களாகிய நாம் கண்டு வருகிறோம். அவர் என்ன செய்வது? இவ்வினா எழும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் இப்னு சீனா. தாம் கற்ற வரலாற்றை அவரே தம் மாணவர் அல்ஜூஸ்ஜானிக்குச் சொல்லி எழுதுவித்துள்ளார்.

கி.பி. 980-ஆம் ஆண்டளவில் புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் ஊரில் பிறந்த இப்னு சீனா, பத்து வயதிற்குள் திருக்குர்ஆனை ஓதி முடித்தார். இந்தியக் கணக்குமுறையைக் கற்றுவர அவருடைய தந்தையார் அவரைக் காய்கறி வணிகர் ஒருவரிடம் அனுப்பினார் என்பது சுவையான செய்தி. பின்னர் அந்நாத்திலீ என்னும் அறிஞர் அவர்தம் இல்லத்திலேயே தங்கிப் பாடஞ்சொன்னார். யூக்ளிடின் வடிவக்கணிதத்தில் முதல் ஐந்தாறு தேற்றங்களை மட்டுமே மாணவர் ஆசிரியரிடம் கேட்டார். எஞ்சியவற்றைத் தாமே தீர்த்தார். தாலமியின் அல்மஜெஸ்ட் நூலில் வடிவங்கள் வரும் பகுதியை எட்டியபோது, நீயே படித்துத் தீர்த்துப் பின் என்னிடம் காட்டு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மாணவர் விளக்கிய பிறகே ஆசிரியருக்குத் தெளிவான இடங்களும் அந்நூலில் இருந்தனவாம்!

இங்கே மாணவரின் கூர்மையை வியப்பதோடு பலரும் நின்றுவிடுவர். நாம் வியப்பது ஆசிரியரை. இப்பிள்ளையைக் கல்வியன்றி வேறெதிலும் ஈடுபடுத்தற்க என்று தந்தைக்கு அறிவுறுத்தியவரும் அவரே. தமக்குத் தெரிந்ததே எல்லையென்று அவர் அணை போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆசிரியர் புகாராவை விட்டுச் சென்றபின் மருத்துவத்தையும் நூல்களின் துணைகொண்டு கற்ற இப்னு சீனாவிடம், அவருடைய பதினாறாம் வயதில் மருத்துவர்களே வந்து பாடங்கேட்டனர். அதன்பின் ஒன்றரை ஆண்டுக்காலம் தருக்கத்தையும் மெய்யியலையும் மீண்டும் முதலிலிருந்து படித்தார். எதிர்ப்பட்ட ஒவ்வொரு வாதத்தையும் பகுத்து, அதன் முற்கோள்கள் யாவை, அவை எவ்வரிசையில் நின்று முடிவைத் தருகின்றன என்று தாள்களில் குறித்து வைத்தார். தானே கற்றல் என்பது மனம்போன போக்கில் பக்கங்களைப் புரட்டுவதன்று என்பதற்கு அத்தாள்களே சான்று. கைப்பேசியில் நூறு விரிவுரைகள் கிடைக்கும் இக்காலத்தில், அவற்றுள் ஒன்றுக்கேனும் குறிப்பெழுதும் மாணவர் எத்தனை பேர்?

இத்தகையவரும் ஓரிடத்தில் இடறினார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை படித்தார், நூல் மனப்பாடமாயிற்று, பொருள் மட்டும் விளங்கவில்லை. ஒருநாள் நூல் வணிகர் தெருவில் ஒருவர் ஒரு நூலை வாங்கிக்கொள்ளுமாறு வேண்ட, அவர் மறுத்தார். உடையவர் பணமுடையில் இருக்கிறார், மூன்று திர்ஹமே விலை என்று வற்புறுத்தியபின் வாங்கினார். அந்நூல் அல் ஃபாராபி அதே நூலின் நோக்கங்களை விளக்கி எழுதியது. வீடு திரும்பி அதைப் படித்ததும் நாற்பது முறையும் திறவாத நூல் திறந்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தானம் வழங்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

நம் தமிழிலும் இதற்கிணையான நிகழ்ச்சி உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் முறையாகப் பயின்ற உ.வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார், அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் படித்ததால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலைக் கண்டதேயில்லை. ஏடு கைக்கு வந்தபின் கற்பிக்க ஆசிரியர் எவருமிலர். அவ்வூர்ச் சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று, அச்சமயத்தின் சொற்களையும் மரபுகளையும் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. சைவச் சூழலில் கற்ற அந்தணர் ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் மாணவராய் அமர்ந்தார் என்பதை நம் மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். தானே கற்பவருக்குக் கேட்பதில் நாணம் ஆகாது.

பின்னாளில் இப்னு சீனா தம் இளமையை நினைவுகூரும்போது ஒன்று சொல்கிறார். பதினெட்டு வயதில் தாம் கற்று முடித்தவற்றின்மேல் புதிதாக எதுவும் சேரவில்லையாம். அன்று நினைவில் இருந்த அதே கல்வி பின்னர் முதிர்ந்ததாம்.