பொதுப்பார்வைக்கு உள்ள பட்டியலும் அதைத் திரட்டும் உரிமையும்

மும்பையின் தாராவியிலோ, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் குடிசைகளிலோ வாழும் ஒரு குடும்பத்தின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பது வாக்குரிமையோடு முடிந்துவிடும் செய்தியன்று. குடிசைப்பகுதிச் சீரமைப்பில் மாற்று வீடு பெறும் தகுதியை ஆராயும்போது, குறித்த நாளுக்கு முன்பே அவ்விடத்தில் குடியிருந்ததற்கான சான்றுகளுள் ஒன்றாகப் பழைய வாக்காளர் பட்டியல் ஏற்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் இலவச மாற்று வீட்டிற்கு அந்நாள் 2000 ஜனவரி 1 ஆகும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் தமிழருக்கு, பட்டியலின் ஒரு வரியே வீட்டிற்கு ஆதாரமாகிவிடுகிறது.

இன்றைய பட்டியல்கள் தேர்தல் துறையின் இணையதளத்தில் யாவரும் காணும்படி வெளியிடப்படுகின்றன. அவற்றை ஒருவர் கணினி நிரலின் துணையால் மொத்தமாகத் திரட்டி, தெருவாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்து வைத்துக்கொள்ளலாமா? எல்லோரும் பார்ப்பதை எடுப்பதில் என்ன குற்றம் என மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விடை ஒரே சட்டத்தில் அடங்கவில்லை.

முதலில் நோக்கத்தக்கது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி அதிலிருந்து தரவை இறக்குவோரும், படியெடுப்போரும், பிரித்தெடுப்போரும் இழப்பீட்டிற்கு உள்ளாவர் என்கிறது அதன் 43ஆம் பிரிவு. நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்துடன் அதைச் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பூட்டு இருந்ததா என்று இச்சட்டம் வினவவில்லை. அனுமதி இருந்ததா என்றே வினவுகிறது. பொதுப்பார்வைக்கு வைத்ததே அனுமதியாகுமா, ஆகுமெனில் ஒரு பக்கத்திற்கா ஒரு லட்சம் பக்கங்களுக்கா என்பதை அது விளக்கவில்லை. இதைக் குறைபாடென்றே கொள்ள வேண்டும். அமெரிக்காவில் லிங்க்ட்இன் நிறுவனம் தொடர்பான வழக்கில், கடவுச்சொல் இல்லாமலே திறந்துள்ள பக்கங்களைத் திரட்டுவது கணினி ஊடுருவலாகத் தோன்றவில்லை என 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. ஆயினும் அதே ஆண்டிறுதியில், பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியதற்காகத் திரட்டிய நிறுவனமே தோற்றது.

பதிப்புரிமைச் சட்டம் இங்கு அதிகம் உதவாது. 1957ஆம் ஆண்டின் அச்சட்டம் கணினித் தரவுத்தளத்தையும் இலக்கியப் படைப்பாகக் கருதுகிறதெனினும், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயரும் முகவரியும் எவருடைய படைப்புமல்ல.

வாக்காளர் பட்டியலையே நேராகத் தொட்ட வழக்கு 2018இல் எழுந்தது. மத்தியப் பிரதேசப் பட்டியலைக் கணினியில் தேடத்தக்க எழுத்துவடிவில் தரவேண்டுமென கமல்நாத் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தேர்தல் ஆணையம் படவடிவிலேயே தர முன்வந்தது. வாக்காளரின் அந்தரங்கத்தையும், தரவு திரட்டலைத் தடுப்பதையும் காரணங்களாகக் காட்டியது. நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் மனுதாரர் விரும்பினால் தம் முயற்சியால் அதைத் தேடத்தக்க வடிவிற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் கூறியது. ஆக, படவடிவம் ஒரு வேலியேயன்றித் தடையாணை அன்று. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் இன்று மலிந்துவிட்ட நிலையில், அவ்வேலியும் தாழ்ந்துவிட்டது. மேலும், மராத்தியில் அச்சான தமிழ்ப் பெயரில் ழகரம் முன்பே வேறெழுத்தாகியிருக்கும். இயந்திரம் அதை மறுபடியும் பிழையாகப் படிக்கக்கூடும். அவ்வாறு திரிந்த பெயர் மூலத்திலுள்ள பெயரோடு பொருந்தாதபோது, விளக்கம் தரும் சுமை குடியிருப்பவர் மீதே விழும்.

2023ஆம் ஆண்டின் மின்னணு முறையிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காப்பளிக்குமா? அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுள்ளன. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆயினும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவிற்கும், சட்டக் கடமையால் வேறொருவர் வெளியிட்ட தரவிற்கும் அது பொருந்தாது என 3ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வாக்காளர் பட்டியல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தம் படத்தைத் தாமே வெளியிட்டவரையும், பட்டியலில் இடம்பெற்றேயாக வேண்டிய குடிமகனையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்துமா? ஒப்புதல் கேட்கப்படாத இடத்தில்தான் காப்பும் இல்லாமற்போகிறது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் அறிவித்தது ஒன்றே இங்கு எஞ்சும் துணை.

சட்டம் திருத்தப்படும்வரை அதிகாரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. 43ஆம் பிரிவு பொறுப்பாளரின் அனுமதியையே அளவுகோலாக்கியிருப்பதால், பட்டியலை வெளியிடும் அலுவலகம் அந்த அனுமதியின் எல்லையை எழுதி வைக்கலாம்: தம் பெயரைச் சரிபார்க்கவும் ஆட்சேபம் எழுப்பவும் யாவருக்கும் அனுமதி உண்டு, வணிக நோக்கில் மொத்தமாகத் திரட்ட இல்லை. முன்மாதிரியும் உள்ளது. மத்திய அரசு 2017இல் அறிவித்த திறந்த தரவு உரிமம், புள்ளிவிவரங்களைத் தாராளமாகப் பயன்படுத்த இசைந்தபோதே, தனிநபர் விவரங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. சீரமைப்பிற்கான தகுதிப் பட்டியல்களின் முதற்பக்கத்தில், மராத்தியிலும் தமிழிலும், இத்தகைய வாசகம் நான்கு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.