பட்டி பூசுறதுக்கு முன்னாடி விரிசலைப் படிங்க

ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து, நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்களா? காலி பண்ணும் நாளில் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஓனர் வருவார், ஒவ்வொரு அறையாகச் சுவரைப் பார்ப்பார். ஆணி அடித்த ஓட்டை, கட்டில் இடித்துப் பெயர்ந்த காரை, ஜன்னல் மூலையில் ஓடும் கோடு, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதி அட்வான்ஸில் கழிப்பார். இதில் ஆணி ஓட்டை உங்களுடையது. ஜன்னல் மூலை விரிசல் கட்டிடத்துடையது. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லத் தெரிந்தால் பணம் மிஞ்சும். மேலே சீலிங்கில் இருக்கிற சில விரிசல்களில் தலையே தப்பும்.

பட்டி வாங்கிப் பூசுவது ஒரு மணி நேர வேலை, யாரும் கத்துக்கலாம். எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்பதுதான் உண்மையான பாடம். சிவில் பசங்களுக்கு மட்டுமில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கும்தான்.

முதலில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்க. செங்கல், அதன் மேல் சுமார் 12 மி.மீ. கனத்தில் சிமெண்ட் பூச்சு, அதன் மேல் 1 மி.மீ. சொச்சம் பட்டி, பிறகு பெயிண்ட். நீங்கள் பார்க்கும் கோடு இதில் எந்த அடுக்கில் பிறந்தது என்பதுதான் கேள்வி.

சிலந்தி வலை மாதிரி, நகம் வைத்தால்கூடத் தட்டாத மெல்லிய கோடுகள் இருந்தால் கவலையே வேண்டாம். பூச்சில் சிமெண்ட் அதிகமாகிவிட்டது, அல்லது பூசிய பிறகு தண்ணீர் ஊற்றாமல் விட்டதால் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிட்டது. தாராளமாகப் பூசுங்க.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்க்கோடு இருக்கிறதா? காங்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவு நீள்வதில்லை, சுருங்குவதுமில்லை. அந்த இணைப்பில் பூச்சுக்கு முன்னால் கோழி வலை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. வெறும் பட்டி வைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு என்றால் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். கூரைக்குச் சற்றுக் கீழே, சுவர் நெடுக ஒரு கிடைக்கோடு. ஒரு சின்னக் கணக்கு போடலாம். காங்கிரீட்டின் வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் 10 பங்கு. 10 மீட்டர் நீளக் கூரைத் தளம், காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. நீள வேண்டும். கீழே இருக்கும் செங்கல் சுவர் ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும், அதுவும் அவ்வளவு சூடாகாது. மிச்சத்தை யார் தாங்குவது? பூச்சுதான். இந்த விரிசல் தினமும் திறந்து மூடுகிறது. இதில் கெட்டியாக இறுகும் பட்டி நிற்காது, இழுத்தால் நீளும் அக்ரிலிக் சீலண்ட்தான் வைக்க வேண்டும்.

ஜன்னல் அல்லது வாசற்கால் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் கோடும், செங்கல் வரிசையைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி இறங்கும் கோடும் வேறு ரகம். லின்டல் போதுமான நீளத்துக்கு உட்காரவில்லை என்றிருக்கலாம், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்றும் இருக்கலாம். இதை உடனே மூடாதீங்க. விரிசலின் முனையில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்க. அகலத்தை அளக்க மெக்கானிக்கல் நண்பரிடம் ஃபீலர் கேஜ் கேளுங்க. கிடைக்கவில்லையா, ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம் சுமார் 0.1 மி.மீ. எத்தனை தாள் சேர்த்து நுழைகிறது என்று எண்ணினால் அதுவே கேஜ். இரண்டு மாதம் கழித்து கோடு பென்சில் குறியைத் தாண்டியிருந்தால், அது ஓனரும் ஒரு பொறியாளரும் பார்க்க வேண்டிய விஷயம். பட்டி பூசினால் சாட்சியை அழித்தது மாதிரி ஆகிவிடும்.

சரி, பூசலாம் என்று முடிவானவற்றுக்கு வருவோம். ஹாஸ்டல் வைத்தியம் ஒன்று உண்டு: ஆணி ஓட்டையில் டூத்பேஸ்ட். காய்ந்தால் சுருங்கும், மேலே பெயிண்ட் பிடிக்காது. வெள்ளை சிமெண்ட் பட்டி ஒரு கிலோ வாங்குவது பெரிய செலவில்லை.

ஆணி ஓட்டைக்கு: சுற்றி உதிரும் பொருக்கைச் சுரண்டி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, உள்ளே தண்ணீர் தெளியுங்க. இந்தத் தண்ணீரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த பூச்சு பஞ்சு மாதிரி. ஈரப்படுத்தாமல் வைத்தால் பட்டியில் இருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் சிமெண்ட் இறுகாது, வெறும் மாவாகக் காயும், விரலால் தேய்த்தால் உதிரும். ஓட்டை முழுக்க நிரம்பும்படி பட்டிக் கத்தியால் அழுத்தி, மட்டத்துக்குக் கொஞ்சம் மேலாகவே விடுங்க. நன்றாகக் காய்ந்ததும் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்க.

மெல்லிய விரிசலுக்கு ஒரு விசித்திரமான விதி: அடைப்பதற்கு முன் அகலப்படுத்த வேண்டும். மயிரிழைக் கோட்டுக்குள் பட்டி நுழையாது, மேலே தோல் மாதிரி படர்ந்து நிற்கும், பிறகு உரியும். பழைய கத்தியால் 5 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் கீறி, தூசி எடுத்து, நனைத்து அடையுங்க. தூண் ஓரக் கோடு என்றால் இருபக்கமும் சேர்த்துப் பிடிக்கிற ஃபைபர் வலை டேப் ஒட்டி அதன் மேல் பூசுங்க.

கட்டில் இடித்த பெரிய பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பாதீங்க. பட்டி மெல்லிய பூச்சுக்கு, கனமாக அப்பினால் வெடிக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு சலித்த மணல் கலந்து, பழைய பூச்சில் சிமெண்ட் பால் தடவி, 10 மி.மீ. அளவு வீதம் இரண்டு தடவையாகப் போட்டு, மணியாசுக் கட்டையால் தேய்த்து விடுங்க. ஒரு வாரம் நனைத்து, நன்றாகக் காயவிட்டு, கடைசி ஒரு மி.மீ.க்குத்தான் பட்டி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சில நிமிடங்களில் இறுகும் என்று ஆசைப்பட்டுப் பாத்ரூம் ஓரச் சுவரில் வைக்காதீங்க. அது ஜிப்சம், ஈரம் பட்டால் மெத்தென்று ஆகிவிடும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் எதை வைத்தும் பயனில்லை, முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. காரைக்குடிப் பக்கப் பழைய வீடுகளில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. அதில் சிமெண்ட் ஒட்டுப் போட்டால் உள்ளே ஈரம் சிறைப்படும், ஒட்டைச் சுற்றிப் பழைய காரைதான் உதிரும். அங்கே சுண்ணாம்பைத்தான் வைக்க வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே எதையும் ஆழமாகக் கொத்தாதீங்க, ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இறங்கும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், சிமெண்டும் மணலும் நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது மேலே பாருங்க. சீலிங் பூச்சு சுவரைவிட மெல்லியது, சுமார் 6 மி.மீ. துடைப்பக் கட்டையால் மெதுவாகத் தட்டுங்க, தலைக்கு நேராக நின்று அல்ல, தள்ளி நின்று. கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டிய சத்தம் வரும். அந்த இடம் என்றைக்காவது விழும். அதன் மேல் பட்டி பூசினால் விழப்போகும் எடையைக் கூட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான அடையாளம் ஒன்று உண்டு. சம இடைவெளியில் நேர்நேராக ஓடும் கோடுகள், ஓரத்தில் பழுப்புக் கறை. அவை ஓடுவது கம்பிகளின் பாதையில். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். வருஷக்கணக்கில் கரியமில வாயு உள்ளே இறங்கினாலோ, மேல்தளத்திலிருந்து தண்ணீர் கசிந்தாலோ, கடற்கரை ஊர்களில் உப்பு நுழைந்தாலோ அந்தக் காவல் போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழே இருக்கிற காங்கிரீட்டே பாளமாகப் பிளந்து விழும். பள்ளிக்கூடத்திலும் பழைய குடியிருப்பிலும் மேற்கூரை பெயர்ந்து விழுந்த செய்தி வரும்போது கூடவே வரும் படத்தைப் பாருங்க, துருப்பிடித்த கம்பி தெரியும்.

இது நம் கைவேலை இல்லை. உளுத்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்து வைக்க வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். தெரிந்த ஆள்தான் செய்ய முடியும், செலவு ஓனருடையது. நீங்கள் செய்ய வேண்டியது, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு அவருக்கு அனுப்புவது. போனில் சொன்னதற்குக் கணக்கு இருக்காது, எழுத்தில் அனுப்புங்க. அவர் ஆள் அனுப்பும்வரை காத்திருக்காமல், அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற கட்டிலையும் படிக்கிற டேபிளையும் இன்னிக்கே வேற பக்கம் நகர்த்திடுங்க.