இறங்கிய கதவும் ஏறிய நம்பிக்கைகளும்

மதுரையிலிருந்து கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் செல்லும் சாலையில், கல்யாண முகூர்த்தத்துக்கும் குற்றாலச் சீசனுக்கும் பல்லாண்டுகள் உழைத்து ஓய்ந்த அம்பாசடர் கார்களைக் குடும்பச் சொத்தாகப் பாவித்துக் காப்பாற்றி வருவோர் இன்றும் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவத்தில் பெரிய மாறுதலின்றி உற்பத்தியான அந்த வாகனத்தின் எஞ்சினைப் பற்றி நம்மவர்க்கு இருக்கும் ஞானம், அதன் கதவைப் பற்றி ஏனோ இல்லை. எஞ்சின் முனகினால் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்களே, கதவு சாத்த மறுத்தால் அதை ஓங்கி அறைந்து திருப்தி அடைகிறார்கள்.

கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால் தோஷம் பூட்டில்தான் இருக்க வேண்டும் என்பது முதல் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரிகிற குறை பூட்டருகில் இருப்பது மெய்யே. ஆனால் அதன் மூலகாரணம் பெரும்பாலும் எதிர் ஓரத்தில், கீலின் ஊசியில் இருக்கிறது. கதவின் பாரம் முழுவதும் மேல் கீலை வெளியே இழுத்தும் கீழ்க் கீலை உள்ளே நெருக்கியும் நிற்பதால், இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர், கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று கொண்டால், கீலில் உண்டாகும் 1 மில்லிமீட்டர் தேய்மானம் பூட்டின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் இறக்கமாகப் பெருகுகிறது. இதை அறியாமல், கதவு வந்து பொருந்தும் தூணிலுள்ள பூட்டுக்கொக்கியைத் தளர்த்திக் கீழே இறக்கி வைப்பவர், நோயை விட்டுவிட்டு அதன் அடையாளத்துக்கு வைத்தியம் செய்கிறார். சில மாதம் கதவு சாத்தும், தேய்மானமோ தொடரும், பின்னொரு நாள் கீலைச் சீர்செய்யும்போது கொக்கி தன் இடத்தில் இராது.

பரீட்சை எளிது. கதவைப் பாதி திறந்து, பூட்டுள்ள ஓரத்தை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். கீலின் இரு பாதிகளும் ஒன்றையொன்று விட்டு அசைந்தால் ஊசி தேய்ந்திருக்கிறது. கீல் முழுதாகத் தூணைவிட்டு அசைந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. தூணே நெளிந்தால் உள்ளே துரு அரித்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. பழைய காருக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று கைவிரிப்பதும் நியாயமன்று. தேய்ந்த துவாரம் வட்டம் குலைந்து நீண்டிருக்குமாதலால், புது ஊசியை மட்டும் செருகுவது வீண். துவாரத்தை ரீமரால் மீண்டும் வட்டமாக்கி, அதற்கேற்ற பருமனில் ஊசி கடைந்தோ, இடமிருந்தால் பித்தளை புஷ் இறக்கியோ கொடுப்பது நல்லதொரு லேத் பட்டறையால் ஆகிற காரியமே. கீலைக் கழற்றுமுன் அது பதிந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறிக்கொள்வதும், கதவின் அடியில் பலகை வைத்துத் தாங்குவதும் அவசியம்.

ஓங்கி அறைந்தால் பழைய பூட்டு வழிக்கு வரும் என்பது அபாயகரமான எண்ணம். பூட்டு இரண்டு படிகளில் விழுவது. முதற்படியிலேயே நின்றுவிட்ட கதவு சாத்தியதுபோல் தோன்றி, வளைவில் திறந்துகொள்ளக்கூடும். அறைவதால் கீலும் கொக்கியும் இன்னும் தேயும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடுகிற அந்த எண்ணெய், சீசன் காலத்து விடியற்குளிரிலும் மார்கழியிலும் எப்படி வேலை செய்யும்? சாலைப் புழுதியைச் சேர்த்துக்கொண்டு பசையாவதே அது செய்யும் உபகாரம். சாவித் துவாரத்துக்குக் கிராபைட் தூள், கீலுக்கு எண்ணெய், பூட்டின் நாக்குக்கு மெல்லிய கிரீஸ் என்று பிரித்து இடுவதே முறை.

குற்றாலத்தை அடுத்த இப்பிரதேசத்தில் மிகுந்த கேடு விளைவிப்பது, கதவினுள் தண்ணீர் புகாமலிருக்க அடியிலுள்ள துவாரங்களை அடைத்துவிட வேண்டும் என்ற நம்பிக்கை. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல், கண்ணாடி இறங்கும் இடுக்கின் ரப்பரைக் கடந்து கதவுக்குள் இறங்கியே தீரும். இறங்கிய நீர் வெளியேறுவதற்காகவே அந்தத் துவாரங்கள் ஏற்பட்டிருக்கின்றன. பெயிண்ட் அடிப்பவரின் பட்டியோ சேறோ அவற்றை அடைத்துவிட்டால், நீர் தங்கி, கதவின் அடித்தகடு உள்ளிருந்து அழுகும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது தகடு பாதி போயிருக்கும். மெல்லிய குச்சியால் அவற்றைக் குத்தித் திறந்து வைத்தால் போதும், செலவில்லை.

உடைந்த கைப்பிடியை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவோரும் ஒன்றை அறிய வேண்டும். பழைய கைப்பிடிகள் பலவும் குரோம் பூசிய துத்தநாகக் கலவை வார்ப்புகள். 400 பாகை சுமாரிலேயே உருகிவிடும் அவை எரிவாயு வெல்டிங்கின் சுவாலையைத் தாங்கமாட்டா. பழைய சாமான் கடையில் அதே இனத்துக் கைப்பிடியைத் தேடுவது மேல். கதவுத் தகட்டை வெட்டிப் புதுக் காரின் கைப்பிடியைப் பொருத்துவதோ இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். ஏனெனில் முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோகக் கார்களைத் தொன்மை வாகனமாகப் பதிய வகைசெய்யும் 2021-ஆம் ஆண்டின் மத்திய விதிகள், வண்டி தன் அசல் ரூபத்திலேயே பேணப்பட்டிருக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கின்றன.