சீன மூலிகை வைத்தியம்: போவதற்கு முன் அறிய வேண்டியவை



பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது முழங்கால் நோவு, நித்திரையின்மை, பீனிசம் என்று பேச்சு வரும். உடனே ஒருவர், "ஸ்பெடைனாவில் ஒரு சீன வைத்தியர் இருக்கிறார், போய்ப் பாருங்கோ" என்பார். ரொறன்ரோவில் ஸ்பெடைனா வீதியிலும் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியிலும் மூலிகைக் கடைகளைக் காணாதவர் எம்மில் இல்லை. எம்மவர் பலர் அங்கு போகின்றனர். ஆனால் போவதைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அதனால்தான் இந்தப் பாடம்.

வைத்தியர் எப்படிப் பார்ப்பார்?

சீன வைத்தியத்தில் பரிசோதனை நான்கு வகை: பார்த்தல், கேட்டும் மணந்தும் அறிதல், வினாவுதல், தொட்டுப் பார்த்தல். இரு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில் விரல் வைத்து நாடி பார்ப்பார். நாக்கின் நிறத்தையும் அதன் மேலுள்ள படிவையும் கவனிப்பார். ஆகவே அன்று நாக்கை வழிக்காமலும் கோப்பி குடிக்காமலும் போவது நல்லது. நாடி, நா, நிறம், மொழி, விழி என்று எண்வகைத் தேர்வு செய்யும் சித்த வைத்தியத்தை அறிந்த எங்களுக்கு இது அந்நியமான முறையல்ல.

மருந்து எப்படி இருக்கும்?

பெரும்பாலும் ஒரே மூலிகை தருவதில்லை. பல சரக்குகளை நிறுத்து, பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அவற்றுள் இஞ்சி, கறுவா, அதிமதுரம் போன்ற எமக்குப் பழக்கமானவையும் இருக்கும். மண் அல்லது பீங்கான் பாத்திரத்தில் அவிக்க வேண்டும். இரும்பு, அலுமினியம் ஆகாது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்பதை எழுதி வாங்குங்கள். அவிக்க வசதியில்லாதோருக்குத் தூளாகவும் குளிசையாகவும் கிடைக்கும்.

மூலிகை என்றால் தீங்கில்லையா?

இங்கேதான் பலரும் தவறுகின்றனர். மூலிகைக்கு உண்மையான வலிமை உண்டு. சீனாவின் பழைய மருத்துவ நூலொன்றில் கிடைத்த குறிப்பைத் தொடர்ந்து சென்ற தூ யூயூ என்ற அம்மையார், 1970களில் மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குணமாக்கும் வலிமை உள்ள பொருளுக்குக் கெடுக்கும் வலிமையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒத்த நச்சு மூலிகை கலந்ததே காரணம்.

எமக்கு அருகிலும் ஒன்று நடந்தது. 2022 ஆகஸ்டில் மார்க்கம் நகரில் உணவகமொன்றில் சாப்பிட்ட பத்துப் பேருக்கு மேல் நோயுற்றனர். சமையலுக்கு வாங்கிய, இஞ்சி இனத்தைச் சேர்ந்த கிழங்குத் தூளில் அக்கோனைற் நஞ்சு கலந்திருந்தது. இந்த நஞ்சைத் தருவது எமது வைத்தியர்கள் நாபி என்று சொல்லும் செடியின் இனம். சித்தத்தில் நாபியைச் சுத்தி செய்யாமல் கொடுப்பதில்லை. சீன வைத்தியத்திலும் இந்த இனத்துக் கிழங்கைப் பக்குவப்படுத்தி, நெடுநேரம் அவித்தே கொடுப்பர். இவ்வகை மருந்தைச் சொன்ன நேரத்துக்கு முன்பே அடுப்பிலிருந்து இறக்கினால் ஆபத்து.

குளிசை எடுப்போர் கவனிக்க

1. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்போர்: டாங் குவெய், டான்ஷென் ஆகிய மூலிகைகள் அதன் வேகத்தைக் கூட்டி, இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.
2. இரத்த அழுத்தம் உள்ளோர்: அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். மா ஹுவாங் என்பதும் அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும்.
3. நீரிழிவு உள்ளோர்: ஜின்செங் போன்றவை சீனியின் அளவை மாற்றலாம். அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.
4. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள்: குடும்ப வைத்தியரைக் கேளாமல் எதையும் எடுக்க வேண்டாம்.

யாரிடம் போவது?

ஒன்ராறியோவில் 2006இல் இயற்றப்பட்ட சீன மரபு வைத்தியச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் 1 முதல் இவ்வைத்தியர்கள் அதற்குரிய ஒழுங்குமுறைக் கல்லூரியில் பதிவு செய்ய வேண்டும். பெயரைச் சொன்னால் பதிவு உண்டா என்று கல்லூரியின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். அக்குபங்சருக்கு மட்டும் பதிவு பெற்றோரும் உளர். ஆகவே மூலிகை மருந்துக்கும் பதிவு உண்டா என்று கேளுங்கள். கடையில் சரக்கு விற்பவர் வைத்தியர் அல்லர். பொதி செய்து விற்கும் குளிசை, தூளில் கனடா சுகாதாரத் திணைக்களம் தந்த எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாகாண மருத்துவக் காப்புறுதி இவ்வைத்தியத்துக்குப் பணம் கொடாது. கட்டணத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்தல் என்றால் மூலிகை தேட வேண்டாம், 911ஐ அழையுங்கள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கையில் வைத்தியத்துக்கு நான்கு பங்கு சொன்னார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அதை அருகிருந்து கொடுப்பவர். முதற் பங்கு நோயாளிக்கே. எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சீன வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தரும் மூலிகைகளின் பெயர்களையும் எழுதி வாங்கிக் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் ஏசுவார் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். நான்காம் பங்கு வீட்டுப் பிள்ளைகளுடையது. அம்மா அப்பாவைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். அங்கே பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இருவரிடமும் உண்மை சொன்னால்தான் இரு வைத்தியமும் பலன் தரும்.