படைஞரும் பழங்கட்டடமும்

பழங்கட்டடத்தைச் செப்பனிடுதல் வேறு. இடித்துப் புதுக்குதல் வேறு. புதுக்குவோன் தன் கருத்தைக் கட்டடத்தின்மேல் ஏற்றுகின்றான். செப்பனிடுவோனோ முன்னோன் கருத்தை உணர்ந்து அதற்கு அடங்கி நடக்கின்றான். ஆதலின் இத்தொழிற்கு வேண்டுவது வலிமையினும் அடக்கமே. படையினின்று ஓய்வு பெற்றோர் இதனைச் சிறுதொழிலாக மேற்கொள்ளலாமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

படைஞர் கை பழங்கட்டடத்தைக் கெடுத்ததும் உண்டு, காத்ததும் உண்டு. இரண்டிற்கும் சாஞ்சியிலுள்ள பெரிய ஸ்தூபியே சான்று. 1822-இல் கேப்டன் ஜான்சன் என்பார் உள்ளே யாது உளதெனக் காண வேண்டி, அதன் ஒரு புறத்தை மேலிருந்து கீழ்வரை பிளந்தார், பெருங்கேடு விளைந்தது. 1881 முதல் மேஜர் கோல் என்னும் படைப் பொறியாளர் அப்பிளவை அடைத்து, வீழ்ந்து கிடந்த தெற்கு, மேற்குத் தோரண வாயில்களை மீண்டும் நிறுத்தினார். இருவரும் படையினரே, ஒருவர்க்கு அவா முன்னின்றது, மற்றவர்க்குப் பொறுப்பு முன்னின்றது.

இனி நம் பக்கத்தை நோக்குவோம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, படைக்கு ஆள் அனுப்புவதில் பேர்பெற்ற ஊர். இத்தகைய ஊர்களிலிருந்து சென்றோர் பலர் நாற்பது வயதையொட்டியே ஓய்வூதியத்தோடு வீடு திரும்புகின்றனர். 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தோர் கொத்துவேலை, தச்சுவேலை முதலியனவும் கற்றவர். அன்னோர் ஆலை வாயிலில் காவற்காரராய் அமர்ந்துவிடின், கற்ற கைத்திறன் வீணாவதன்றோ?

வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டினது. இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளமையால் அதன்மேல் பிறர் கை வைத்தல் ஆகாது. சிறு தொழிலர்க்குரிய களம் வேறு. ஓட்டு வீடுகள், பழைய பள்ளிகள், சிற்றாலயங்கள், கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மச்சுகள் ஆகியன அவை. கவனிப்பாரின்றி இவையே விரைவில் அழிகின்றன.

இவற்றின் உயிர் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவிட்டு, மணல் கூட்டிச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பர். பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்லக் கல்லாகின்றது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வாசிகளுக்கு இப்பொருள்கள் புதியன அல்ல. தோலின் மயிர் களையச் சுண்ணாம்புத் தொட்டி. பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் என்பது நம் தோற்சாலைகளின் பழைய முறை. தோலைக் காத்த அவ்விரண்டுமே சுவரையும் காத்தன என்பது வியப்பே.

இவ்வியல்பறியாதார் பழஞ்சுவரின்மேல் சிமெண்டைப் பூசுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் செங்கல்லில் தங்கி, அதனைப் பொடியாக்கும். பூச்சு உறுதியாய் நிற்க, உள்ளே சுவர் நைந்துபோம்.

இத்தொழிலின் வரவு செலவும் தனி வகையது. பொருட்செலவு குறைவு, கூலி மிகுதி. மேற்பூச்சைப் பெயர்த்த பின்னரே உட்பழுது தெரியுமாதலின், மொத்தத் தொகை பேசி வேலை ஏற்போர் நட்டமுறுவர். பகுதி பகுதியாக அளந்து கணக்கிடுதலே நன்று. சுண்ணாம்பு ஊறவும் உலரவும் காத்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். அன்றாடக் கூலியை நம்பியவர்க்கு இது கடினம். ஓய்வூதியம் உடையவர்க்கோ அக்காத்திருப்பு பட்டினியாகாது. தொடங்குமுன் அளந்து வரைதல், செய்ததை நாட்குறிப்பில் எழுதுதல், ஆணைக்கு மிஞ்சிச் செய்யாமை ஆகிய படைப்பழக்கங்கள் இங்கு முதலாகவே உதவும்.

ஆயினும் ஒன்று: சுண்ணாம்பின் பக்குவம் ஏட்டில் வருவதன்று, முதிய கொத்தனாரின் விரலில் உள்ளது. அவர் மறைந்தால் கரணை இருக்கும்; கைத்திறன் இராது. ஆதலின் ஓய்வு பெற்ற படைஞர் முதலில் தேடற்பாலது மூலதனம் அன்று, அம்முதியவரே. தலைவராய் ஆணையிட்டவர் மாணாக்கராய் அவர்முன் நிற்பாராயின், இருவர்க்கும் பிழைப்பு உண்டு. நம் ஊர்ச் சுவர்களும் பிழைக்கும்.