பழைய ரிவோல்வருக்குத் திருத்த அறிவித்தல் வந்தால்

அமெரிக்காவின் ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் 1953 முதல் 1972 வரை தயாரித்த ஒற்றைச் செயல் ரிவோல்வர்களில் ஓர் ஆபத்து உண்டு. சுத்தியல் போல அடிக்கும் குதிரைக்கு நேரே உள்ள அறையில் தோட்டா இருக்கும்போது ஆயுதம் கீழே விழுந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கலாம். 1973இல் வந்த புதிய மாதிரியில் இடைத்தண்டு ஒன்று சேர்ந்தது. விசையை இழுத்தால்தான் அது மேலெழுந்து குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்தும். பழையவற்றுக்கும் அதை இலவசமாகப் பொருத்தித்தர 1982இல் நிறுவனம் முன்வந்தது. கழற்றிய பாகங்களும் உரிமையாளருக்கே திரும்பும். பழம்பொருள் பிரியர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ரிவோல்வர்ச் சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகாணித் தலைகள் தெரிந்தால் பழைய மாதிரி, இரண்டு முளைகள் என்றால் புதியது. ஆனால் திருத்தப்பட்ட பழையதிலும் மூன்று திருகாணிகளே இருக்கும். ஆகவே தொடரிலக்கத்தைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்பதே நல்லது.

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்ட பங்களாக்களில் இத்தகைய ரிவோல்வர் இருந்தால், முதல் வேலை தோட்டாக்களை அகற்றி வேறாகப் பூட்டி வைப்பது. திருத்தம் முடியும்வரை சுடுவதே வேண்டாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், திருத்தத்துக்காக நிறுவனத்துக்குப் பொதிகட்டித் தபாலில் போடும் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டபின்பே ஆயுதத்தை நகர்த்தலாம். மலைநாட்டு ஈரத்தில் தோலுறை நீரை உறிஞ்சித் துருவேற்றும். காத்திருக்கும் காலத்தில் இலேசாக எண்ணெய் தடவி, உறையின்றி இரும்புப்பெட்டியில் வைக்கவேண்டும்.