பக்கவாத்தியம் யார் பொறுப்பு?



கண்காட்சி அன்னிக்குக் காலையில என் நூலக ப்ரோகிராம் நின்னுபோச்சு. காரணம்? 'ரசீது' கிளாஸ் தனக்கு வேண்டிய பிரிண்டரை உள்ளேயே 'நியூ' போட்டு உருவாக்கிக்கொண்டது. பிரிண்டர் பழுது; மாற்ற வழியில்லை.

மயிலாப்பூர் மார்கழிக் கச்சேரியைப் பாருங்கள். பக்கவாத்தியம் ஏற்பாடு செய்வது பெரும்பாலும் சபாதான். மிருதங்கக்காரர் வரமுடியலையா? சபா வேறொருவரை அனுப்பும். பாடகர் பாட்டை மாற்ற வேண்டாம்.

அதுபோல, தேவையான பொருளை கன்ஸ்ட்ரக்டர் போன்ற வழியில் வெளியிலிருந்து கொடுப்பதே 'டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்'. 2004-இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது.

இப்போ என் ரசீது பிரிண்டரையும் ஏற்கும், திரையையும் ஏற்கும். இரண்டுக்கும் 'எழுது' என்ற ஒரே மெத்தட் இருந்தால் போதும்.

உங்க ப்ரோகிராம்ல 'நியூ' எங்கே இருக்கு? பாருங்க!